வேலிக்கல் எண்ணும் செயலிக்கு 5க்கு 3

வேலிக்கல் கணக்குப் போடும் செயலி எதை போனில் இறக்கினாலும் முதலில் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்: 10 அடிக்கு 10 அடி சதுரம், கல்லுக்குக் கல் 10 அடி. தாளும் பேனாவும் வேண்டாம், மூலைக்கு ஒன்றாக 4 கல். நான் பயன்படுத்தும் செயலி இதற்கு இரண்டு விடை தருகிறது. 'மொத்த நீளம்' என்ற பக்கத்தில் 40 அடி என்று கொடுத்தால் 5 கல் என்கிறது. 'பக்கம் பக்கமாக' என்ற பக்கத்தில் நான்கு 10 அடிகளையும் தனித்தனியாகக் கொடுத்தால் 8 கல் என்கிறது. 4 மட்டும் எங்கேயும் வரவில்லை.

அப்படியும் அதை நான் அழிக்கவில்லை. அதில் ஒரு வசதி இருக்கிறது, அதற்காகவே வைத்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் திட்டிவிடுகிறேன்.

மென்பொருளில் பிழை தேடுவது என் தொழில். மாமனார் நிலத்துக்குக் கம்பி வேலி போட முடிவானதும், "போனும் கையுமா இருக்கிறவர் நீங்கதானே மாப்ளே, எத்தனை கல்லுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்று பொறுப்பு என் தலையில் விழுந்தது. அந்தச் சமயத்தில் இறக்கியதுதான் இது. இலவசம், விளம்பரம் கொஞ்சம், எழுத்து பெரிதாக இருக்கிறது, வெயிலிலும் படிக்க முடிகிறது. பெயரைச் சொல்லவில்லை. இதே வகையில் நான் திறந்து பார்த்த மற்றவையும் ஒரே சூத்திரத்துக்கு வேறு வேறு வண்ணம் பூசியவைதான்.

அந்தச் சூத்திரம் என்னவென்று கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி: நீளம் 0 என்று கொடுத்தேன். 1 கல் வேண்டும் என்றது. ஆக, நீளத்தை இடைவெளியால் வகுத்து, மேலே முழுமையாக்கி, கண்ணை மூடிக்கொண்டு 1 கூட்டுகிறது. நேராக ஓடி ஒரு முனையில் தொடங்கி மறு முனையில் முடியும் வேலிக்கு இது சரி. 100 அடியில் 10 இடைவெளி, 11 கல். ஆனால் நிலத்தைச் சுற்றிவந்து தொடங்கிய கல்லிலேயே முடிகிற வேலிக்கு அந்தக் கூடுதல் 1 கிடையாது. அங்கே இடைவெளி எத்தனையோ கல்லும் அத்தனைதான். சதுரத்துக்கு 5 சொன்னது இதனால். 8 சொன்னதற்குக் காரணம் வேறு: ஒவ்வொரு பக்கத்தையும் தனி வேலியாக எடுத்துக்கொண்டு இரண்டிரண்டு கல் போட்டுக் கூட்டிவிட்டது. ஒரே மூலைக்கல் இரண்டு பக்கத்துக்கும் பொது என்பது அதற்குத் தெரியாது.

இந்தத் தடுமாற்றம் போனோடு வந்ததல்ல. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், கோயிலின் பக்கவாட்டு நீளம் முகப்பைப் போல இரு மடங்கு வேண்டும் என்றால் இடைவெளிகளை இரட்டியுங்கள், தூண்களை இரட்டிக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். முகப்பில் 6 தூண் என்றால் 5 இடைவெளி. பக்கத்தில் 10 இடைவெளி, மூலைத்தூண்களையும் சேர்த்து 11 தூண். 12 நட்டவர்களுக்கு ஓர் இடைவெளி நீண்டுபோய்விட்டது என்று அவர்களைக் குறையும் சொல்கிறார். நிரல் எழுதுபவர்கள் நடுவில் இந்த வகைப் பிழைக்கு வேலிக்கம்பத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். வேலிக்கம்பம் எண்ணுவதற்கென்றே எழுதிய செயலியில் அது உட்கார்ந்திருப்பதுதான் வேடிக்கை.

சரி, எங்கள் நிலத்துக்கு வருவோம். வடக்கு 410 அடி, கிழக்கு 265, தெற்கு 388, மேற்கு 252. சுற்றளவு 1,315 அடி. கல்லுக்குக் கல் அதிகபட்சம் 10 அடி. செயலியின் மொத்த நீளக் கணக்கில் 131.5 என்பது 132 ஆகி, 1 கூடி, 133 கல். நான் பக்கம் பக்கமாக இடைவெளிகளை எண்ணினேன்: 41, 27, 39, 26. கூட்டினால் 133 இடைவெளி, சுற்று வேலி என்பதால் 133 கல்.

இரண்டும் ஒன்றுதானே, அப்புறம் என்ன குறை என்று மாமா கேட்டார். குறை அதிலேதான் இருக்கிறது. மூலையில் கல் கட்டாயம் வேண்டும், ஆகவே ஒவ்வொரு பக்கத்திலும் தனித்தனியாக மேலே முழுமையாக்க வேண்டும். செயலி மொத்தத்தில் ஒருமுறைதான் முழுமையாக்கியது, அதில் ஒரு கல் குறைந்தது. தேவையில்லாத 1-ஐக் கூட்டியதில் ஒரு கல் ஏறியது. இரண்டு தவறும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சரியான விடை வந்துவிட்டது. என் தொழிலில் நான் மிகவும் பயப்படுவது இந்த மாதிரி விடைக்குத்தான். தப்பான விடை வந்தால் யாராவது கேட்பார்கள். பக்கம் பக்கமாகக் கொடுத்தபோது செயலி 137 என்றது, அது எதிர்பார்த்ததே, நான்கு மூலைக்கு நான்கு கூடுதல்.

கேட் வந்ததும் அந்த அதிர்ஷ்டம் கலைந்தது. தெற்குப் பக்கம் மூலையிலிருந்து 60 அடி தள்ளி வண்டி நுழைய 14 அடி கேட். கிழக்கில் 120 அடி தள்ளி ஆள் நுழைய 4 அடி சின்னக் கேட். செயலியில் 'கேட் அகலம்' என்று ஒரே ஒரு கட்டம் இருக்கிறது. 18 அடி என்று போட்டேன். அது 1,315-இலிருந்து 18-ஐக் கழித்து, 1,297-ஐ 10-ஆல் வகுத்து, 131 கல் என்றது. கேட்டின் இரண்டு பக்கமும் கல் வேண்டுமே? கேட் எந்த இடத்தில் வேலியை வெட்டுகிறது என்று அது கேட்கவே இல்லை. நிஜத்தில் தெற்குப் பக்கம் 60 அடியும் 314 அடியுமாகப் பிரிகிறது, 6 இடைவெளியும் 32 இடைவெளியும். கிழக்கு 120 அடியும் 141 அடியுமாகப் பிரிகிறது, 12-உம் 15-உம். வடக்கையும் மேற்கையும் சேர்த்தால் கம்பி ஓடும் இடைவெளி 132. இதோடு கேட்டுக்கு ஒன்றாக 2 சேர்த்தால் 134 கல். செயலி 3 கல் குறைவாகச் சொல்லியிருக்கிறது.

அந்த 'கேட்டுக்கு ஒன்று' எங்கிருந்து வருகிறது என்றால், கேட் இல்லாத சுற்று வேலியில் இடைவெளியும் கல்லும் சமம். ஒரு கேட் வைத்ததும் சுற்று அறுந்து, இரண்டு முனையுள்ள ஒரே வேலியாகிறது, ஒரு கல் கூடுகிறது. இரண்டாவது கேட் அதை இரண்டு துண்டாக்குகிறது, இன்னொரு கல் கூடுகிறது. மூன்று கேட் என்றால் மூன்று. நிலம் எந்த வடிவமாக இருந்தாலும் இது மாறாது. இதை ஒரே வரியில் நிரலாக எழுதிவிடலாம், அதைத்தான் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். எங்கள் மேஸ்திரிக்குப் போன் கணக்கில் நம்பிக்கை கிடையாது. அவர் கேட்ட முதல் கேள்வியே, "தம்பி, கேட் எத்தனை, எங்கெங்கே?" என்பதுதான்.

இன்னொன்றையும் செயலி கேட்பதில்லை: இடைவெளி என்பது கல்லின் மையத்திலிருந்து அடுத்த கல்லின் மையம் வரையா, அல்லது முகத்திலிருந்து முகம் வரையா? அது போடும் கணக்கு மையத்துக்கு மையம். ஆனால் டேப்பைப் பிடிக்கும் ஆள் இயல்பாகவே கல்லின் ஓரத்தில் வைத்து அடுத்த குழியின் ஓரத்தைக் குறிப்பார். 5 அங்குலக் கல் என்றால் ஒவ்வொரு இடைவெளியிலும் 5 அங்குலம் கூடும். எங்கள் வடக்குப் பக்கத்தில் அப்படிப் போனால் 39 இடைவெளியிலேயே 406 அடியைத் தாண்டி, கடைசியில் 4 அடிக்கும் குறைவான ஒரு துண்டு மிஞ்சும். இதற்கு ஒரு படம் போதும், சின்னப் படம். செயலியில் தேவையில்லாத மாட்டுப் படமெல்லாம் இருக்கிறது.

'எல்லாப் பக்கமும் ஒரே இடைவெளி' என்று ஒரு பொத்தான். ஆசையாக அழுத்தினேன். இடைவெளி 1 அடி, 1,315 கல் என்றது. சிரிக்காதீர்கள், கணக்குப்படி அது முற்றிலும் சரி. நான்கு நீளங்களுக்கும் மீப்பெரு பொதுக் காரணி கண்டுபிடிப்பதுதான் அந்தப் பொத்தானின் வேலை. பள்ளியில் கொடுக்கும் நிலங்கள் 120-க்கு 90 என்று சமர்த்தாக இருக்கும், 30 அடி இடைவெளி என்று அழகாக வரும். 410, 265, 388, 252-க்குப் பொதுக் காரணி 1 மட்டுமே. நிஜ நிலம் எதற்கும் இந்தப் பொத்தான் உதவும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு பக்கமும் தனக்குள் சமமாக இருந்தால் போதும். வடக்கில் 10 அடியும் மேற்கில் 9 அடி 8 அங்குலமும் இருப்பதை எந்த மாடும் அளந்து பார்க்கப் போவதில்லை.

இப்போது அந்த நல்ல வசதி. 'சமப்படுத்து' என்று அடியில் ஒளிந்திருக்கிறது. ஒரு பக்கத்தின் நீளத்தையும் அதிகபட்ச இடைவெளியையும் கொடுத்தால், எத்தனை சம இடைவெளி, ஒவ்வொன்றும் எவ்வளவு என்று சொல்லி, முதல் கல்லிலிருந்து ஒவ்வொரு கல்லும் எத்தனையாவது அடியில் வரும் என்ற பட்டியலையும் கொடுக்கிறது. இந்தப் பட்டியலுக்காகத்தான் இதை வைத்திருக்கிறேன்.

எங்கள் மேற்குப் பக்கத்தைப் பாருங்கள், 252 அடி. 10 அடி 10 அடியாகக் குழி போட்டுக்கொண்டே போனால் 25 இடைவெளி முடிந்து கடைசியில் 2 அடித் துண்டு நிற்கும். பார்க்கவும் அசிங்கம், மூலைக்கல்லுக்குப் பக்கத்திலேயே இன்னொரு குழி தோண்டுவதில் மண்ணும் தளர்கிறது. 26 சம இடைவெளியாக்கினால் ஒவ்வொன்றும் 9 அடி 8.3 அங்குலம். இரண்டு வழியிலும் கல் எண்ணிக்கை ஒன்றேதான், சமப்படுத்துவதால் ஒரு கல்கூடக் கூடாது. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை, நெருக்கி நட்டால் கல் அதிகம் பிடிக்கும் என்றே நினைக்கிறார்கள். அந்த 2 அடித் துண்டுக்கும் ஒரு கல் போட்டாயிற்று என்பதைக் கவனிப்பதில்லை.

பட்டியலின் அருமை குழி குறிக்கும்போதுதான் தெரிகிறது. கல்லுக்குக் கல் தனித்தனியாக அளந்தால் ஒவ்வொரு முறையும் கால் அங்குலம் ஒரே பக்கமாகத் தவறினாலும் வடக்குப் பக்கத்தின் 41 இடைவெளியில் 10 அங்குலம் சேர்ந்துவிடும். டேப்பை முதல் கல்லில் கட்டிவிட்டு, நூல் பிடித்து, பட்டியலில் உள்ள அளவுகளை வரிசையாகக் குறித்துக்கொண்டே போனால் ஒரு குறியின் தவறு அடுத்த குறிக்குத் தாவாது. 100 அடி டேப் தீர்ந்ததும் புதிதாகப் பிடிக்க வேண்டும், அந்த ஓரிடத்தில் மட்டும் கவனம் போதும். மேஸ்திரி இந்தப் பட்டியலை மட்டும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார். தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்லிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நான் தாளில் எழுதிக் கொடுத்ததற்குக் காரணமும் செயலிதான். அது அடியைத் தசமத்தில் காட்டுகிறது. 9.69 அடி என்கிறது. டேப்பில் அங்குலம் 12 வரைதான். 9.69-ஐ 9 அடி 6.9 அங்குலம் என்று படித்துவிட்டால் ஒவ்வொரு இடைவெளியிலும் கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம் குறைந்து, மேற்குப் பக்கத்தின் முடிவில் 3 அடி துண்டு விழும். அடி அங்குலத்தில் காட்டும் வசதி அமைப்புகளில் எங்கும் இல்லை. மீட்டருக்கு மாற்றிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை, 2.95 மீட்டர் என்றால் டேப்பிலும் 2 மீட்டர் 95 சென்டிமீட்டர்தான். ஆனால் அடியிலேயே பேசிப் பழகிய ஆட்களிடம் மீட்டர் டேப்பைக் கொடுத்து வேலை வாங்குவது வேறு போராட்டம்.

சமப்படுத்துவதில் எனக்கு ஒரு ஆசையும் உண்டு. 252 அடியை 25 இடைவெளியாக்கினால் ஒவ்வொன்றும் 10 அடிக்கு ஓர் அங்குலம்தான் கூடுகிறது, ஒரு கல் மிச்சம். 10 அடி என்பது கல்லில் செதுக்கிய சட்டம் இல்லையே. இரண்டு விடையையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, 'இப்படிப் போட்டால் ஒரு கல் குறையும்' என்று சொன்னால் தேர்ந்தெடுப்பது நம் பாடு. நாங்கள் 26-லேயே நின்றோம், மாடுகள் முதுகு தேய்க்கும் பக்கம் அது. வேறு பக்கமாக இருந்தால் நான் 25-க்குத்தான் போயிருப்பேன்.

நடந்து அளக்கும் வசதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு எல்லையைச் சுற்றி நடந்தால் நீளம் தரும் என்கிறது. டேப்பில் 1,315 வந்த நிலத்துக்கு அது 1,362 என்றது, அதற்கு 138 கல். போனின் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே 5 மீட்டர் அளவுக்குத் தள்ளிக் காட்டக்கூடியது, மரத்தடியில் இன்னும் மோசம். 5 மீட்டர் என்றால் 16 அடி, ஓர் இடைவெளியைவிடப் பெரிது. புள்ளிகள் இங்குமங்கும் நெளிவதால் நடந்த பாதை நீண்டு தெரிவதும் உண்டு. ஏறக்குறைய எவ்வளவு ஆகும் என்று பார்க்கலாம், கல் சொல்லிவிட முடியாது.

சரிவைப் பற்றி ஒரு எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள், சிவப்பு எழுத்தில். அவ்வளவு மிரட்டல் தேவையில்லை. கிடையாக 100 அடி போகும்போது 20 அடி ஏறும் சரிவில்கூட தரையோடு அளந்த நீளம் 102 அடிதான். 10 அடி ஏற்றம் என்றால் அரை அடி. தரையோடு டேப்பை இழுத்து அளந்தவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. வரைபடத்தில் அளந்தவர்கள் மட்டும் கம்பி வாங்கும்போது கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். கம்பிக் கணக்கு ஒழுங்காகவே இருக்கிறது: நீளத்தை வரிசையால் பெருக்குகிறது, அங்கே தவறு செய்ய இடமில்லை. குழிக்கான கான்கிரீட் கணக்கும் ஒத்துப்போனது.

முட்டுக்கல்தான் கடைசிக் கோபம். செயலியில் அப்படி ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. கம்பியை முறுக்கி இழுக்கும்போது இழுவை முழுவதும் முனைக்கல்லில்தான் விழும். மூலைக்கல்லை இரண்டு திசையிலிருந்து இழுக்கிறது, அதனால் இரண்டு முட்டு. கேட் கல்லுக்கு ஒரு பக்கம்தான் இழுவை, ஒரு முட்டு. எங்களுக்கு நான்கு மூலைக்கு 8, இரண்டு கேட்டின் நான்கு கல்லுக்கு 4. வடக்குப் பக்கம் நீளம் அதிகம் என்பதால் நடுவில் ஒரு கல்லுக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுக்கச் சொன்னார் மேஸ்திரி, அதற்கு 2. ஆக 14 முட்டு, 134 கல், மொத்தம் 148. முட்டின் நீளம் நடும் கல்லின் நீளமாக இருக்க வேண்டியதில்லை, ஆகவே தனியாகச் சொல்ல வேண்டும்.

செயலியில் இதற்குப் பதிலாக 'கூடுதல் சதவீதம்' என்று நகர்த்தும் கோடு ஒன்று இருக்கிறது. 10 சதவீதத்தில் வைத்தால் அதன் 131 என்பது 145 ஆகிறது. ஒரு கல்லும் உடையாமல் வந்து சேர்ந்தாலும் 3 கல் போதாது. போதாது என்பதும் கடைசி மூலையில் நிற்கும்போதுதான் தெரியும், ஏனென்றால் அந்தக் கோட்டை நகர்த்தியவருக்கு அது உடைசலுக்கா, முட்டுக்கா, கேட்டுக்கா என்று தெரியாது.

5க்கு 3 கொடுக்கிறேன், மூன்றும் 'சமப்படுத்து' பட்டியலுக்கு. மூலையும் கேட்டும் இல்லாத நேர்வேலி போடுபவர் மொத்தக் கணக்கையும் இதிலேயே போடலாம், சரியாக வரும். மற்றவர்கள் மூலையிலிருந்து மூலை, மூலையிலிருந்து கேட் என்று துண்டு துண்டாகக் கொடுத்து, இடைவெளி எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு, கல்லைக் கையால் எண்ணிக்கொள்ளுங்கள். கேட் எண்ணிக்கையும் அதன் இடமும் கேட்க வேண்டும், அங்குலத்தில் காட்ட வேண்டும் என்று அதை எழுதியவர்களுக்கு 10 அடிச் சதுரத்தின் மூன்று விடைகளோடு எழுதிப் போட்டிருக்கிறேன். அடுத்த பதிப்பில் 4 வந்தால் மதிப்பெண்ணை மாற்றுகிறேன்.